மலை சின்னதாகிவிடும், தெரிந்து வாங்குங்கள்: கேனன் 10–18 லென்ஸ்

கேமராவோடு வந்த 18–55 கிட் லென்ஸை ஒரு வருடம் புழங்கியவர்களுக்கு வரும் முதல் ஆசை, "இன்னும் கொஞ்சம் அகலமா வரணும்" என்பதுதான். வால்பாறை மலைப்பாதையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி, ஆழியாறு அணையையும் சுற்றியுள்ள சமவெளியையும் ஒரே படத்துக்குள் அடைக்கப் பார்த்து, அடங்காமல் போகும்போது அந்த ஆசை முற்றிவிடும். ஊருக்குத் திரும்பியதும் கடையிலோ நண்பர்களிடமோ விசாரித்தால், பெரும்பாலும் காதில் விழும் பெயர் கேனன் ஈஎஃப்-எஸ் 10–18 மி.மீ. எஃப்/4.5–5.6 ஐஎஸ் எஸ்டிஎம். மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலும், கூடக் கூடத் தூரம் நெருங்கும்.

நல்ல லென்ஸ்தான். ஆனால் அந்த ஒன்பதாவது வளைவுக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். 10 மி.மீ.யில் ஆழியாறு அணை குட்டை மாதிரித்தான் தெரியும். கீழே பாதிப் படம் தடுப்புச் சுவர், மேலே பாதிப் படம் வெள்ளை வானம், நடுவில் ஒரு கோடாக நிலம். கொல்லிமலையின் 70 வளைவுகளை மேலிருந்து எடுப்பதும் இதே கதைதான். அங்கெல்லாம் வேலை செய்வது 55–250 மாதிரியான டெலி லென்ஸ். அகன்ற காட்சிக்கு அகன்ற லென்ஸ் என்ற நினைப்பில் வாங்கி, நாலு படம் எடுத்துவிட்டு அலமாரியில் போட்டவர்கள் நிறைய.

இந்த லென்ஸ் பிழைப்பது அருகில் இருக்கும் பொருளால். காலடியில் கிடக்கும் பாறை, வரப்பு, தாமரை இலை, அலை இழுத்துப்போன ஈர மணல் இவற்றைப் பெரிதாக்கி, தூரத்து மலையை அதற்குப் பின்னணி ஆக்குவதுதான் இதன் வேலை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். 2014-இல் வந்தது. அப்போது அமெரிக்க விலை 299 டாலர். எடை 240 கிராம், நீளம் 72 மி.மீ., ஃபில்டர் அளவு 67 மி.மீ. உள்ளே 11 குழுக்களாக 14 கண்ணாடிகள். மவுண்ட் (கேமராவில் பொருந்தும் வளையம்) பிளாஸ்டிக். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. 240 கிராம் லென்ஸைத் தாங்க அது தாராளமாகப் போதும். கேமராவை லென்ஸைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இதற்கு முன்னால் இருந்த கேனன் 10–22 லென்ஸ் 385 கிராம். ஃபில்டரும் 77 மி.மீ. வாய் கொஞ்சம் பெரியது, எஃப்/3.5-இல் தொடங்கும் (எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது). ஆனால் அதில் ஐஎஸ் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) கிடையாது. குடும்பத்தோடு போகும் பயணத்தில் இந்த 145 கிராம் வித்தியாசமும் ஐஎஸ்ஸும் அந்த முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) வெளிச்சத்தைவிடப் பெரியவை. தோள் பையில் தண்ணீர் பாட்டிலும் குழந்தையின் மாற்றுத்துணியும் இருக்கும்போது, கனமான லென்ஸ்தான் முதலில் அறையில் தங்கிவிடும்.

கேனனின் கிராப் சென்சார் (சிறிய சென்சார்) உடல்களில் 10 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமின் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 16 மி.மீ.க்குச் சமம். கிடைமட்டமாக 96 டிகிரி பார்க்கும். கிட் லென்ஸின் 18 மி.மீ. பார்ப்பது 64 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. இதன் மறுபக்கத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. அதே இடத்தில் நின்று எடுத்தால், 18-இல் தெரிந்த மலை 10-இல் உயரத்திலும் அகலத்திலும் பாதியை ஒட்டிச் சுருங்கும். பரப்பளவில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நேரில் பிரம்மாண்டமாக நின்ற மலை படத்தில் கரையான் புற்றாகிவிட்டதே என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம். லென்ஸ் பழுது இல்லை.

மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் தாமரைக்குளம், பக்கத்தில் அய்யனார் கோயிலும் ஆலமரங்களும், பின்னால் மொட்டைப் பாறையாக மலை. குளக்கரையில் நின்றவாக்கில், கண் உயரத்தில் 10 மி.மீ.யில் எடுத்தால் கீழ்ப்பாதி முழுக்கக் கரைச் சேறும் மிதக்கும் குப்பையும். மலை எங்கேயோ இருக்கும். அதே இடத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, கரையை ஒட்டிய ஓர் இலையிலிருந்து 40 செ.மீ. தூரத்துக்கு வாருங்கள். 30 செ.மீ. அகல இலை என்றால் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும். இலை நரம்புகள் நடுவிலிருந்து விரிய, ஓரத்தில் உருளும் நீர்த்துளி தெரிய, அதற்குப் பின்னால் சிறு இலைகள் வரிசையாகப் போய் மலையில் முட்டும். மலை இப்போதும் சின்னதுதான். ஆனால் கண் போய்ச் சேர ஒரு பாதை கிடைத்துவிட்டது. பத்து செ.மீ. பின்னால் நகர்ந்தாலே இலை கண்ணெதிரே சுருங்குவதை வியூஃபைண்டரில் பார்க்கலாம். இந்த லென்ஸில் காலை ஓரடி நகர்த்துவது, ஜூம் வளையத்தை முழுக்கத் திருப்புவதைவிடப் பெரிய மாற்றம் தரும்.

வயல்வெளியிலும் இதே கணக்கு. வரப்பை நட்டநடுவில் வைக்காமல் கீழ் மூலையிலிருந்து ஏறும்படி வையுங்கள். நாற்று நட்ட புதிதில், தண்ணீர் தேங்கியிருக்கும்போது, வானமும் தரையில் விழும். அப்போது மட்டும் முன்னால் பெரிய பொருள் இல்லாமலே 10 மி.மீ. ஒப்பேறும். கேமராவைக் கீழே சாய்த்தால் ஓரத்துப் பனைமரங்கள் வெளிப்பக்கம் விரியும். மேலே தூக்கினால் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று முட்டும். மரம் நேராக நிற்க வேண்டுமானால் கேமரா மட்டமாக இருக்க வேண்டும். அதற்காகவே லைவ் வியூவில் (பின் திரையில் பார்த்து எடுக்கும் முறை) கட்டக்கோடுகளைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் விஷயத்தில் இந்த லென்ஸ் அரை வரம், அரைத் தலைவலி. 10 மி.மீ., எஃப்/8, கிராப் சென்சார் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஹைப்பர்ஃபோகல் தூரம் சுமார் 67 செ.மீ. ஏறக்குறைய கை நீட்டும் தூரம். அங்கே ஃபோகஸ் வைத்தால் சுமார் 33 செ.மீ. முதல் அடிவானம் வரை தெளிவு என்று சொல்லும் கணக்கு. இது 0.019 மி.மீ. மங்கல் வட்டத்தை (ஒரு புள்ளி சென்சாரில் எவ்வளவு பரவலாம் என்ற அளவு) அனுமதித்துப் போட்ட கணக்கு; சாதாரணப் பிரிண்டுக்குச் சரி. 24 மெகாபிக்சல் படத்தைத் திரையில் முழுசாகப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு தூரத்து மலை கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அதனால் பொதுவான படங்களுக்கு எஃப்/8 வைத்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் போதும். மேலே சொன்ன தாமரை இலை மாதிரி 40 செ.மீ.யில் பொருள் இருந்தால் எஃப்/11, ஃபோகஸ் 70 செ.மீ. எஃப்/16-க்குப் போனால் டிஃப்ராக்‌ஷனில் (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவது) படம் முழுக்க மென்மையாகிவிடும். அவசியம் இல்லாமல் போகாதீர்கள்.

தலைவலி என்னவென்றால், லென்ஸில் தூர அளவுகோல் கிடையாது. ஒரு மீட்டரில் வை என்றால் எங்கே வைப்பது? லைவ் வியூவில் ஒரு மீட்டர் தள்ளிக் கிடக்கும் கல்லையோ புல்லையோ ஃபோகஸ் பண்ணி, பிறகு லென்ஸை எம்எஃப்புக்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலை) தள்ளிவிடுங்கள். இரண்டாவது சங்கடம், ஃபோகஸ் வளையம் நேரடியாகக் கண்ணாடியை நகர்த்துவதில்லை. மோட்டாருக்குச் செய்தி மட்டும் அனுப்புகிறது. கேமரா உறங்கிவிட்டால் வளையத்தை எவ்வளவு திருகினாலும் ஒன்றும் நடக்காது. ஷட்டரை அரை அழுத்தம் கொடுத்து எழுப்பிவிட்டுத்தான் திருக வேண்டும். வியூஃபைண்டர் வழியாகத் தூரத்துப் புல்வெளியை ஃபோகஸ் செய்யும்போது எப்போதாவது தவறும், 10 மி.மீ.யில் புல் அவ்வளவு பொடியாகத் தெரிவதால் ஃபோகஸ் புள்ளி பிடிமானம் இல்லாமல் அலையும். அந்த இடத்தில் லைவ் வியூ நம்பகமானது.

இந்த விலையில் மற்ற அகல லென்ஸ்களை ஓரங்கட்டுவது ஐஎஸ். நாலு ஸ்டாப் என்பது கேனன் சொல்லும் கணக்கு. நடைமுறையில் 10 மி.மீ.யில் 1/4 விநாடி வரை கையிலேயே நம்பி எடுக்கலாம். மரத்திலோ பாறையிலோ தோளைச் சாய்த்து, மூச்சை விட்டுவிட்டு, தொடர் பயன்முறையில் நாலைந்து படம் தட்டினால் 1/2 விநாடியில்கூட ஒன்றாவது தேறும். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். டிரைபாடைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஏறச் சொன்னால் கூட வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அருவித் தண்ணீர் பட்டுப்போல விழ 1/4 முதல் 1/2 விநாடி போதும். மரநிழலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/11, மேலே ஒரு போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் 1/4 விநாடியை ஒட்டி வந்துவிடும். உச்சி வெயிலில் வராது. அதே அமைப்பில் 1/60 பக்கம் நிற்கும். நாலைந்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) ஒன்று வேண்டும், அல்லது வெயில் இறங்கக் காத்திருக்க வேண்டும். டிரைபாடில் வைத்தால் ஐஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். காற்றில் ஆடும் இலையை எந்த ஐஎஸ்ஸும் நிறுத்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அருவிப் பக்கம் இன்னொரு தொல்லை. சாரல் துளி முன் கண்ணாடியில் விழுந்தால் டெலி லென்ஸில் அது கரைந்து மறைந்துவிடும். இதில் எஃப்/11-இல் துளி துளியாகப் படத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் துடைக்க வேண்டும். மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும்: ஒன்று ஈரம் ஒற்ற, ஒன்று கடைசியாகத் துடைக்க. ஒரே துணியால் துடைத்தால் ஐந்தாவது முறை தண்ணீரைத் தடவத்தான் செய்வீர்கள்.

போலரைசர் என்றதும் நீல வானம் நினைவுக்கு வரும். இந்த லென்ஸில் அதற்காகப் போடாதீர்கள். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் மட்டும்தான் வானம் அழுத்தமாக இருளும். 96 டிகிரி அகலத்தில் அந்த இருண்ட பட்டையும் வரும், இருளாத பகுதியும் வரும். வானத்தில் யாரோ மை கொட்டியது மாதிரி நடுவில் ஒரு திட்டு. பிறகு எந்த மென்பொருளிலும் அதைச் சரிசெய்வது எரிச்சலான வேலை. ஈரப்பாறை, தேயிலைச் செடி, குளத்து நீர் இவற்றின் பளபளப்பை எடுக்கத்தான் போலரைசர். முன்பகுதி ஃபோகஸின்போது சுழலாது. திருப்பி வைத்த இடத்திலேயே நிற்கும். மெல்லிய வளையம் உள்ளதாக வாங்குங்கள். யூவி ஃபில்டரின் மேலேயே இதையும் மாட்டினால் 10 மி.மீ.யில் மூலைகள் கறுக்கும்.

குடும்பப் படங்களுக்கு வருவோம். ஓரத்தில் நிற்பவர் தலை அகலமாகிவிடுகிறது என்ற புகார் நியாயமானது. 10 மி.மீ.யில் படத்தின் இடது, வலது விளிம்பில் இருக்கும் தலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலமாக இழுபடும். நேர்கோட்டை நேராகக் காட்டும் எந்த அகல லென்ஸும் செய்வதுதான் இது. நடுவில் உள்ள மூன்றில் ஒரு பங்குக்குள் ஆளை நிறுத்தினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பத்துப்பேர் வரிசையாக நிற்கும் படம் என்றால் 18-க்குத் திருப்பிக்கொண்டு நாலடி பின்னால் போங்கள். பெரியம்மாவை ஓரத்தில் நிறுத்தி 10-இல் எடுத்துவிட்டு அவரிடமே காட்டுவது நல்லதல்ல. காட்சியோடு ஆளும் வேண்டுமானால் ஆளை மூன்று மீட்டருக்குள், நடுவை ஒட்டி நிறுத்துங்கள். ஐந்து மீட்டர் தள்ளிப் போனாலே யாரென்று தெரியாத அளவுக்குச் சின்னதாகிவிடுவார்கள். கேமராவின் உள்ளிருந்து எழும் ஃப்ளாஷை இதோடு பயன்படுத்த வேண்டாம்: 10 மி.மீ. அகலத்துக்கு அதன் வெளிச்சம் எட்டாது, லென்ஸின் நிழலும் கீழே அரைவட்டமாக விழும்.

படத்தரம்? எஃப்/8-இல் நடுப்பகுதி கூர்மை விலைக்கு மீறியது. முழுத் திறப்பில் 10 மி.மீ.யில் மூலைகள் இருளும், கொஞ்சம் குழையும். எஃப்/8-இல் பெரும்பாலும் சரியாகும். வெள்ளை வானத்துக்கு எதிரே தென்னங்கீற்று மூலையில் வந்தால் ஓரங்களில் ஊதாவும் பச்சையுமாகக் கோடு தெரியும். கேனன் இலவசமாகத் தரும் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல் மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தைப் போட்டால் அந்தக் கோடும், அடிவானத்தின் லேசான வளைவும் போய்விடும். அதற்காகவே ராவில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். ராவுக்கு இன்னொரு காரணமும் உண்டு: 10 மி.மீ.யில் பாதிப்படம் வானம். கேமரா வானத்தை அளந்து தரையைக் கறுப்பாக்கும், அல்லது தரையை அளந்து வானத்தை வெளுத்துவிடும். ஹிஸ்டோகிராமின் (வெளிச்ச வரைபடம்) வலது ஓரம் முட்டாமல் எடுத்துவிட்டு நிழலைப் பிறகு தூக்குங்கள். வித்தியாசம் அதிகமென்றால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்துப் பிறகு ஒன்றாக்குங்கள்.

சூரியனை நேரே வைத்தால் ஏழு இதழ் அபர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) 14 கதிர் தரும். இதழ்கள் வளைந்தவை என்பதால் கத்திமுனைக் கூர்மை வராது. எஃப்/16-க்குப் போக இது ஒன்றுதான் சாக்கு. ஹுட் (லென்ஸ் முன்னால் மாட்டும் நிழல் வளையம்) பெட்டியில் வராது. ஈடபிள்யூ-73சி என்று தனியாக வாங்க வேண்டும். வெயிலைத் தடுப்பதைவிட, பாறையில் இடிபடாமல் காப்பதற்குத்தான் அது அதிகம் உதவும்.

தண்ணீர், தூசு காப்பு எதுவும் இல்லை. தனுஷ்கோடியில் காற்றோடு மணலும் உப்பும் பறக்கும். அங்கே லென்ஸ் மாற்றாதீர்கள், யூவி ஃபில்டர் போட நியாயமான ஒரே இடமும் அதுதான். இரவில் லென்ஸின் வெளிப்புறத்தைப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து விடியற்காலைக் கடற்கரைக்குப் போனால் கண்ணாடி பூத்துவிடும். துடைக்கத் துடைக்கப் பூக்கும். பையை மூடியபடியே வெளியில் இருபது முப்பது நிமிடம் வைத்தால் தானே சரியாகும். சூரிய உதயத்துக்குக் கிளம்புவதற்கு முன் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பால்வீதி எடுக்க ஆசை இருந்தால் இது கைகொடுக்காது. டோகினா 11–16 எஃப்/2.8 இதைவிட இரண்டரை மடங்கு வெளிச்சம் வாங்கும். எடையும் இரண்டு மடங்குக்கு மேல். நைகான்காரர்களுக்கு இதே இனத்தில் 230 கிராம் எடையில் ஏஎஃப்-பி 10–20 இருக்கிறது, பழைய உடல்களில் அது ஓடாது என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். கேனன் ஆர்50, ஆர்10 வைத்திருப்பவர்கள் அடாப்டர் போட்டு இதை மாட்டலாம். புதிதாக வாங்குவதானால் 2023-இல் வந்த 150 கிராம் ஆர்எஃப்-எஸ் 10–18-ஐ எடுப்பதுதான் புத்திசாலித்தனம். 6டி, 5டி மாதிரி ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் இந்த ஈஎஃப்-எஸ் லென்ஸ் பொருந்தவே பொருந்தாது.

"போன்லயே அல்ட்ராவைட் இருக்கே" என்பவருக்கு: பகல் வெளிச்சத்தில், போன் திரையில் பார்க்க, அது போதும். அந்தி சாய்ந்த பிறகும், சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரிண்ட் போடும்போதும்தான் மூலைகள் வண்டவாளத்தைக் காட்டும்.

200டி வகைக் கேமரா சுமார் 450 கிராம். அதோடு இந்த 240 கிராமும் 55–250 எஸ்டிஎம்மின் 375 கிராமும் சேர்ந்தால் ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். கிட் லென்ஸை வீட்டிலேயே விடலாம். இடையில் விடுபடும் தூரத்துக்கு எப்படியும் சட்டைப்பையில் போன் இருக்கிறது.

பழையது வாங்கினால் பார்க்க வேண்டியவை. பின் மூடியைக் கழற்றி, போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். நாலைந்து தூசித் துகள் பாதகமில்லை. கேமராவில் மாட்டி, 10 மி.மீ., முழுத் திறப்பில், டைல்ஸ் ஒட்டிய சுவரையோ செங்கல் சுவரையோ நேருக்கு நேராக ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்து நாலு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நாலும் சமமாகக் குழைந்திருந்தால் இந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கூடுதலாகக் குழைந்திருந்தால், கேமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே சுவரை மறுபடி எடுங்கள். மங்கல் படத்தில் எதிர் மூலைக்கு மாறினால் கோணல் உங்கள் கையிலோ சுவரிலோ இருக்கிறது. அதே மூலையிலேயே நின்றால் லென்ஸ் எங்கேயோ விழுந்து எழுந்தது. கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.